டர்பனில் கப்பல் ஏறுமுன்: சாப்பாட்டு அறைக்கு எதை உடுத்துவது, எதை விடுவது

கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிய கையோடு வீட்டில் பேச்சு உடுப்புக்கு வந்துவிடும். மாமா "லீவுக்குத்தானே போகிறோம், ரெண்டு ஷார்ட்ஸும் ஒரு ஜோடி ஸ்லாப்ஸும் போதும்" என்பார். பெரியம்மா ஒரு ராத்திரிக்கு ஒரு பட்டு என்று கணக்குப் போட்டு, ரவிக்கை, உள்பாவாடை, வளையல் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்துவிடுவார். ஏஜென்ட் அனுப்பிய தாளில் "கேஷுவல், இன்ஃபார்மல், காலா" என்று மூன்று வார்த்தை இருக்கும், அதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். டர்பனிலிருந்தோ கேப்டவுனிலிருந்தோ முதல் தடவை கப்பல் ஏறும் நம் தென்னாப்பிரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம் அலமாரியில் இருக்கும் சேலையும் வேட்டியும் பஞ்சாபியும் (சல்வார் கமீஸ்) அந்தச் சாப்பாட்டு அறைக்கு முழு மரியாதையான உடுப்பு. அதற்காக யாரும் கடன்பட்டு டக்சிடோவோ நீள கவுனோ வாங்கத் தேவையில்லை.

டிரெஸ் கோடு என்றதும் நாள் முழுக்க, கப்பல் முழுக்க அப்படியே திரிய வேண்டும் என்று சிலர் பயப்படுகிறார்கள். காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் டி-ஷர்ட், ஷார்ட்ஸ், டக்கீஸ் (கேன்வாஸ் ஷூ) தாராளமாகப் போதும். விதி ஆரம்பிப்பது சாயங்காலம் ஆறு மணி வாக்கில், அதுவும் மேசையில் உட்காரவைத்துப் பரிமாறும் மெயின் டைனிங் ரூமுக்கும், தனியாகக் காசு கட்டிச் சாப்பிடும் ஸ்டேக் ஹவுஸ் மாதிரி இடங்களுக்கும்தான். மேல் தளத்து பஃபேயில் ராத்திரியிலும் பெரிய கெடுபிடி இருக்காது. ஆனால் குளத்திலிருந்து ஏறி ஈரக் காஸ்ட்யூமோடு, வெறுங்காலோடு பஃபேக்குள் போகக் கூடாது, அதில் எல்லாக் கப்பலும் கண்டிப்பு. மேலே ஒரு சட்டை, காலில் ஏதாவது ஒன்று, அவ்வளவுதான் கேட்கிறார்கள். எந்த ராத்திரிக்கு என்ன உடுப்பு என்பது தினசரி நிகழ்ச்சித் தாளில் இருக்கும், பெரும்பாலும் முந்தின நாள் ராத்திரியே கேபினுக்கு வந்துவிடும், இப்போது ஆப்பிலும் போடுகிறார்கள். படுக்கப் போகுமுன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சரி, அந்த மூன்று வார்த்தைகளுக்கு வருவோம்.

கேஷுவல் ராத்திரி என்றால் ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது உடுத்துகிற மாதிரி. ஆண்களுக்கு நீள பேன்ட், காலர் வைத்த சட்டை அல்லது நல்ல டி-ஷர்ட். கிழிசல் இல்லாத ஜீன்ஸ் பெரும்பாலான கப்பல்களில் செல்லும். பெண்களுக்கு குர்தி, பஞ்சாபி, பருத்திச் சேலை, ஃபிராக், எது வசதியோ அது. இன்ஃபார்மல் அல்லது ஸ்மார்ட் கேஷுவல் என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு படி மேலே: ஆண்களுக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, துணி பேன்ட், மூடின காலணி, விருப்பமிருந்தால் டை இல்லாமல் ஒரு கோட். பெண்களுக்குக் கொஞ்சம் வேலைப்பாடுள்ள பஞ்சாபி, மெல்லிய கரை போட்ட சேலை. காலா, ஃபார்மல், எலகன்ட் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதுதான் பெரிய ராத்திரி. வெள்ளைக்காரர்கள் டக்சிடோவும் டார்க் சூட்டும் நீள கவுனுமாக வருவார்கள். நாம் பட்டுச் சேலை, ஜரிகை வேட்டி, ஷெர்வானி, நல்ல குர்தா என்று போகலாம்.

என்ன உடுத்த வேண்டும் என்பதைவிட எது கூடாது என்பதைத்தான் வாசலில் பார்க்கிறார்கள், அதனால் அந்தப் பட்டியலை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். ராத்திரியில் மெயின் டைனிங் ரூமுக்கு ஆண்கள் ஷார்ட்ஸில் வரக் கூடாது, கையில்லாத பனியன் கூடாது, ரப்பர் ஸ்லாப்ஸ் கூடாது, நீச்சல் உடை கூடாது, கிழிந்த ஜீன்ஸ் கூடாது, தலையில் தொப்பி கூடாது. நம் ரக்பி அணியின் ஸ்பிரிங்பாக் ஜெர்சியைப் பற்றிக் கேட்பார்கள். கேஷுவல் ராத்திரியில் யாரும் தடுக்காமல் விடலாம், ஆனாலும் மேட்ச் நாளில் அதைப் போட்டுக்கொண்டு பாருக்குப் போங்கள், சாப்பாட்டு மேசைக்கு வரும்போது ஒரு சட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மேசையில் ஒரு தாத்தாவின் எண்பதாவது பிறந்த நாளும், பக்கத்து மேசையில் யாருடையதோ கல்யாண நாளும் நடந்துகொண்டிருக்கும். அவர்கள் எடுக்கிற போட்டோவில் நாமும்தான் பின்னால் நிற்போம்.

ஒரு தடவை அந்த வாசலில் பார்த்தது இன்னும் மனசில் இருக்கிறது. அம்மா மாம்பழ நிறப் பட்டில், இரண்டு மகள்களும் லெஹங்காவில், பின்னால் அப்பா முட்டிக்கு மேலே நிற்கும் ஷார்ட்ஸில். வாசலில் நின்ற அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை, "நீள பேன்ட் மாற்றிவிட்டு வாருங்கள் சார், உங்கள் மேசை அப்படியே இருக்கும்" என்றார். அவர் கேபினுக்குப் போனார், லிஃப்டில் கூட்டம், திரும்பி வருவதற்குள் சூப் வந்து ஆறிப்போய் மெயின் கோர்ஸும் வந்துவிட்டது. பிள்ளைகள் சாப்பிடாமல் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு நீள பேன்ட்தான், பெட்டியில் அதற்கு எவ்வளவு இடம் ஆகிவிடப் போகிறது?

கம்பெனிக்குக் கம்பெனி கெடுபிடி மாறும். கோடைக் காலத்தில் டர்பனின் நெல்சன் மண்டேலா குரூஸ் டெர்மினலில் நம் ஆட்கள் அதிகம் ஏறுவது எம்எஸ்சி கப்பல்களில், பொமெனே, போர்ச்சுகீஸ் தீவு என்று மொசாம்பிக் பக்கம் போய்வரும் சின்னப் பயணங்கள், அப்புறம் மொரீஷியஸ், ரீயூனியன் வரை போகும் நீளமானவை. அவற்றில் காலா ராத்திரி உண்டு, ஆனால் லீவுக் கூட்டம் என்பதால் கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும், ஜீன்ஸோடு வந்தவர்களையும் அன்றைக்கு நீங்கள் பார்ப்பீர்கள். அதற்கு நேர் எதிர் கியூனார்ட். உலகப் பயணத்தின் நடுவில் கேப்டவுன், டர்பன் என்று வந்துபோகும் குயீன் மேரி 2 அந்தக் கம்பெனியின் கப்பல்தான். அதில் சாதாரண ராத்திரிக்கே ஆறு மணிக்கு மேல் ஆண்களுக்குக் கோட் எதிர்பார்க்கிறார்கள், காலா ராத்திரிக்கு டக்சிடோ அல்லது டை கட்டிய டார்க் சூட். ஆனால் கவனியுங்கள், முறையான தேசிய உடையும் செல்லும் என்று அந்தக் கம்பெனியே தன் விதியில் எழுதி வைத்திருக்கிறது. அவ்வளவு கண்டிப்பான கப்பலிலேயே ஜரிகை வேட்டிக்கும் பட்டுக்கும் இடம் இருக்கும்போது மற்றதைப் பற்றி என்ன கவலை?

நார்வீஜியன் கப்பல்களில் ஃப்ரீஸ்டைல் என்ற பெயரில் கட்டாய ஃபார்மல் ராத்திரியே வைப்பதில்லை, ஆசைப்பட்டவர்கள் அலங்காரம் செய்துகொள்ளலாம். சிங்கப்பூருக்கோ பார்சிலோனாவுக்கோ மயாமிக்கோ பறந்துபோய் ஏறுகிறவர்கள் வேறு வேறு பெயர்களைப் பார்ப்பீர்கள்: கார்னிவலில் "குரூஸ் எலகன்ட்", செலிபிரிட்டியில் "ஈவினிங் சிக்", ஹாலந்து அமெரிக்காவில் "டிரஸ்ஸி". எல்லாம் பழைய ஃபார்மலைக் கொஞ்சம் இளக்கி வைத்ததுதான், டக்சிடோ இல்லாமலே சமாளிக்கலாம். விதிகளை அவ்வப்போது மாற்றுவதால் பெட்டி கட்டுமுன் அந்தந்தக் கம்பெனியின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பக்கத்து வீட்டக்கா முன்பு எப்போதோ போய்வந்த அனுபவத்தை வைத்து முடிவு பண்ண வேண்டாம்.

எந்த ராத்திரி காலா வரும் என்று ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் ராத்திரி அநேகமாக எப்போதும் கேஷுவல்தான், ஏனென்றால் டெர்மினலில் கொடுத்த பெட்டி கேபின் வாசலுக்கு வந்துசேர சில மணி நேரம் ஆகும். கடைசி ராத்திரியும் கேஷுவல், பெட்டியைக் கட்டி வெளியே வைக்கிற ராத்திரி அது. ஆக மூன்று, நான்கு ராத்திரிப் பயணத்தில் நடுவில் ஒரே ஒரு காலா வரும், ஒரு வாரப் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு. பெரியம்மா பரப்பி வைத்ததில் ஒரு பட்டும், இன்னொரு லேசான சேலையும், இரண்டு பஞ்சாபியும் எடுத்துக்கொண்டால் மீதி அலமாரிக்கே திரும்பலாம். ஜோபர்க்கிலிருந்து விமானத்தில் டர்பன் வந்து ஏறுகிறவர்களுக்குப் பெட்டி எடையும் மிச்சம். முதல் ராத்திரிக்கான உடுப்பை மட்டும் கையோடு கொண்டுபோகும் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி வர லேட் ஆனாலும் ஷார்ட்ஸோடு மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

கப்பலில் சேலை

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கப்பல் கம்பெனி எழுதுகிற எந்தக் குறிப்பிலும் சேலை கட்டுகிறவளுக்கு ஒரு வரிகூட இருக்காது.

கேபினில் இஸ்திரிப் பெட்டி வைக்க மாட்டார்கள், நாம் கொண்டுபோனாலும் தீப்பிடிக்கும் பயத்தில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமருக்கும் அதே கதிதான். காசு கொடுத்தால் லாண்ட்ரியில் இஸ்திரி போட்டுத் தருவார்கள், ஆனால் ஜரிகைப் பட்டை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால் வீட்டிலேயே மடிப்பு எடுத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். கொசுவத்தை அடுக்கி, மேலே ஒரு பின், முழங்கால் அளவில் ஒரு பின். முந்தானை மடிப்பையும் அப்படியே பிடித்துத் தோளில் வரும் இடத்தில் ஒரு பின். பிறகு மெல்லிய பருத்தித் துணியை உள்ளே வைத்துச் சுருட்டுங்கள், நான்காக மடித்து மற்றத் துணிகளுக்கு அடியில் அழுத்த வேண்டாம், ஜரிகை மடிப்பில் உடையும். கப்பலில் விரித்தால் பத்து நிமிஷத்தில் கட்டிவிடலாம். கேபின் கண்ணாடி சின்னது, இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடம் இருக்காது, அதனால் இந்த முன்வேலை உங்களைக் காப்பாற்றும். பருத்தியும் சின்தெடிக்கும் கசங்கியிருந்தால் குளிக்கும்போது குளியலறைக்குள் தொங்கவிட்டாலே ஆவியில் கொஞ்சம் நீளும், பட்டுக்கு மட்டும் அதைச் செய்யாதீர்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். நாலைந்து வாங்கிப் போட்டுக்கொண்டால் கோட், பஞ்சாபி, பிள்ளைகளின் சட்டை எல்லாம் சுவரிலேயே தொங்கும்.

சேலையைத் தரை தொடக் கட்டாமல் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள். தியேட்டருக்கும் டைனிங் ரூமுக்கும் நடுவில் படிகள் இருக்கும், லிஃப்டில் நெரிசல் இருக்கும், அதற்கு மேல் கப்பலும் ஆடும். நம் கரைக்கு வெளியே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது, தென்மேற்குக் காற்று அதை எதிர்த்து அடிக்கிற நாளில் அலை செங்குத்தாக எழும்பும். அந்த மாதிரி ராத்திரியில் ஊசிக் குதிகால் செருப்போடு தட்டு நிறைந்த மேசைகளுக்கு நடுவே நடப்பது ஆபத்து, தட்டையான அல்லது அகலக் குதிகால் வைத்த செருப்புப் போடுங்கள், சேலைக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? முந்தானையைத் தோளில் பின் குத்தாமல் வெளித் தளத்துக்குப் போகாதீர்கள், காற்று அப்படி இழுக்கும். சாப்பாட்டு அறையிலோ ஏசி குளிர் எலும்பைத் தொடும், டர்பன் வெக்கையில் ஏறுகிற நமக்கு அது எதிர்பாராதது. ஒரு சால்வை கையோடு இருக்கட்டும், ஆச்சிக்கு இரண்டு.

இதற்கிடையில் ஒன்று: இஸ்திரிப் பெட்டிக்குச் சொன்ன அதே காரணத்தால் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சூடம் எதையும் கேபினில் ஏற்ற விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்குக்குப் பதில் சின்ன பேட்டரி விளக்கு ஒன்று எடுத்துப் போங்கள்.

ஆண்களுக்கு வருவோம். ஜரிகை வேட்டியும் முழுக்கை வெள்ளைச் சட்டையும் காலா ராத்திரிக்கு அழகான உடுப்பு, ஆனால் அரைகுறையாகக் கட்டினால் அந்த மதிப்புப் போய்விடும். சட்டை கஞ்சி போட்டு இஸ்திரி போட்டதாக இருக்க வேண்டும், வேட்டியை மடித்துக் கட்டக் கூடாது, காலில் ரப்பர் செருப்பு கூடவே கூடாது, ஜுத்தியோ மூடின தோல் காலணியோ போடுங்கள். பழக்கமில்லாத இளைஞர்கள் வெல்க்ரோ வேட்டி கட்டிக்கொள்ளலாம், கப்பல் ஆடும்போது அதுதான் நிம்மதி. வேட்டி வேண்டாம் என்றால் வீட்டில் இருக்கும் டார்க் சூட் போதும். பையன் பள்ளிக் கடைசி வருஷ மெட்ரிக் டான்ஸுக்கு வாங்கிய சூட் ஒரே ஒரு ராத்திரிக்குப் பிறகு அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும், மகளின் மெட்ரிக் டான்ஸ் கவுனும் அப்படித்தான், இரண்டுக்கும் இதைவிட நல்ல வாய்ப்பு வராது. டக்சிடோதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மெட்ரிக் டான்ஸ் சீசனில் சூட் வாடகைக்கு விடுகிற கடைகளில் கேளுங்கள், ஒரு ராத்திரிக்காக விலைக்கு வாங்காதீர்கள்.

மடிபா சட்டை பற்றி: மண்டேலா ஜனாதிபதியாக இருந்த 1994 முதல் 1999 வரையான காலத்தில் பூப்போட்ட சட்டையை டை இல்லாமல், பேன்ட்டுக்கு வெளியே விட்டு, அரசு நிகழ்ச்சிகளுக்கே போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு இந்த நாட்டில் அது விசேஷ உடுப்பாகிவிட்டது, டர்பன் கப்பலின் காலா ராத்திரியில் நீள பேன்ட்டோடு அதைப் போட்டால் நன்றாகவே இருக்கும். கியூனார்ட் மாதிரிக் கப்பலில் மட்டும் அதற்கு மேலே ஒரு கோட் போட்டுக்கொள்வேன்.

சில பயணங்களில் வெள்ளை ராத்திரி என்று ஒன்று வைப்பார்கள், எல்லோரும் வெள்ளை உடுத்தி ஆடுவதற்கு. வேட்டி கட்டுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபம் இல்லை. பெண்களில் மூத்தவர்கள் சிலர் சுமங்கலி வெள்ளை கட்டுவதா என்று தயங்குவார்கள், அவர்களை வற்புறுத்தாதீர்கள். இது விதி இல்லை, விளையாட்டு. சந்தன நிறத்தில் பொன் கரை போட்ட சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்தால் கூட்டத்தோடும் சேர்ந்துவிடும், மனசுக்கும் உறுத்தாது. காலா ராத்திரிக்குக் கறுப்பு வேண்டாம் என்று நினைக்கிற வீடுகளும் உண்டு. மெரூன், கடல் நீலம், கரும்பச்சை எல்லாம் அந்த விளக்கு வெளிச்சத்தில் கறுப்பைவிட எடுப்பாகத்தான் தெரியும். சின்னப் பிள்ளைகளிடம் யாரும் கெடுபிடி காட்டுவதில்லை, சுத்தமான சட்டையும் ஷூவும் இருந்தால் சரி, தீபாவளிக்கு எடுத்தது இருந்தால் அதுவே போதும்.

காலா ராத்திரியில் படிக்கட்டிலும் லாபியிலும் போட்டோக்காரர்கள் திரை கட்டி நிற்பார்கள். எடுப்பதற்குக் காசு இல்லை, பிடித்திருந்தால்தான் வாங்க வேண்டும். மூன்று தலைமுறை ஒன்றாக அலங்கரித்து நிற்கிற தருணம் வீட்டில் அடிக்கடி அமையாது, அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலேயே எல்லோரும் கிளம்பி வந்துவிடுங்கள், சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் சட்டையில் சாஸ் இருக்கும். பெரிய குடும்பமாகப் போகிறவர்கள் புக்கிங் செய்யும்போதே எல்லோரையும் ஒரே நேரப் பந்தியில், பக்கத்துப் பக்கத்து மேசைகளில் போடச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் வேண்டாம், நான் லீவில் சூட் போட மாட்டேன் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பஃபே திறந்திருக்கும், கேபினுக்கே வரவழைக்கலாம், யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. குயீன் மேரி 2 போன்ற கப்பலில்கூட கிங்ஸ் கோர்ட் பஃபேயும் கோல்டன் லயன் பப்பும் சாதாரண உடுப்புக்காரர்களுக்கென்றே இருக்கின்றன. ஆனால் ஒரு மேசைக்குப் போவதென்று குடும்பம் முடிவு செய்துவிட்டால் ஒருவர் மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள், அந்த ராத்திரிக்காக ஆச்சி மாசக் கணக்கில் சேலை பார்த்து வைத்திருப்பார்.

கடைசி ராத்திரி பெட்டியைக் கட்டும்போது நிதானம் வேண்டும். அன்றைக்குச் சொல்கிற நேரத்துக்குள் பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டால் மறுபடி அதை டெர்மினலில்தான் பார்ப்பீர்கள். காலையில் இறங்குவதற்கு ஒரு செட் உடுப்பு, உள்ளாடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட், நகை இதெல்லாம் கைப்பைக்குள் போய்விட்டதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுப் பூட்டுங்கள். காந்தக் கொக்கிகளைச் சுவரிலிருந்து எடுக்கவும் மறக்காதீர்கள்.